ஒரே தறியில் பேசாமல் இருந்தோம்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில், "சரிம்மா, வேலை கெடக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். மீதியை நான் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவளின் எழுத்து, பிழை இருக்கும். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் மடித்து வை, கிழித்துப் போட்டுவிடாதே. என்றைக்காவது நீயே தேடி எடுத்துப் படிப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "செல்விக்கு நீயே எடுத்துச் சொல்லும்மா. நீயும் அப்பாவும் ஒரே தறியில முப்பது வருசம் உக்காந்து வேலை பாத்தீக. ஒரு நா ஒரு சத்தம் வந்திருக்கா நம்ம வீட்டுல? இவளுக்கு மட்டும் அப்படி என்ன கொறை?" என்று உன் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. சரி என்றுதான் சொல்கிறேன் என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதைப் பழக்கியவளும் நான்தான். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

எங்கள் தறி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். தெருவில் மற்றவர்கள் எல்லாம் சேலை நெய்ய, நம் வீட்டில் மட்டும் ஜமுக்காளமும் போர்வையும் ஓடியது. கல்யாண மண்டபத்தில் விரிக்கிற அகல ஜமுக்காளத்தை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது, கை எட்டாது. தறிக்குழியில் இரண்டு பேர் தோளோடு தோளாக உட்கார வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை இந்தப் பக்கத்து ஆள் தள்ளிவிட, அந்தப் பக்கத்து ஆள் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். ஒருவர் எழுந்துவிட்டால் இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வருடத்தில் தையும் மாசியும்தான் எங்களுக்கு மும்முரம். காலைப் பனியில் நூல் பதமாக இருக்கும், அறுகாது. பங்குனி பிறந்து கரிசல் காட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினால் தொட்ட இழையெல்லாம் அறும். தை முகூர்த்தத்துக்கும் மாசிச் சிவராத்திரிக்கும் ஆர்டர் வந்து குவிவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். அப்போது இடுப்பு நிமிர நேரமிருக்காது.

நீ நாலாவது படித்த வருடம், தை மாதக் கடைசி. மதுரையில் ஒரு மண்டபத்துக்காரர் புதுக் கட்டடம் திறக்கிறார் என்று அகல ஜமுக்காளம் கேட்டிருந்தார். நீள நூலைப் பாவாகப் பூட்டி, பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. அன்று காலையில் என் தம்பி, உன் மாமா, திருச்சுழிக்கு அந்தப் பக்கமிருக்கும் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றான். தலையெல்லாம் பனி. வண்டியை விட்டு இறங்காமலே எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னான்.

"அய்யாவுக்கு மூச்சு வாங்குதுக்கா. நேத்திலருந்து உன்னயத்தான் கேக்காக. கெளம்பு."

நான் நாடாவைக் கையில் பிடித்தபடி உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துத்தான் பேசினார். "மாப்ளே, போன மாசமும் இப்படித்தான் வாங்குச்சு, சரியாப் போச்சு. இந்தப் பாவு ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். முடிச்சுட்டு ரெண்டு பேருமே வாரோம்னு சொல்லு. மண்டபத் தெறப்பு தள்ளிப் போகாதுல்ல."

மாமா என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நாடாவைத் தள்ளினேன். மாமா டீ கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் மத்தியானம் தகவல் வந்தது. நாங்கள் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, ஓடைக்கரையோடு நடந்து போய்ச் சேர்ந்தபோது அய்யாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வீட்டு வாசலில் கட்டிலைக் கழுவி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நான் கல்யாணமான வருடம் நெய்து கொடுத்த நீலக்கரைப் போர்வையை அலசி வேலிமுள்ளில் விரித்துப் போட்டிருந்தார்கள், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் மூத்தவ வந்துட்டாளான்னு கேட்டாரு, மூத்தவ வந்துட்டாளான்னு கேட்டாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதது. உன் அப்பா முற்றத்து ஓரத்தில், துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அந்த வேலிப் பக்கம் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாய்.

பதினாறு முடிந்து வந்து தறியில் உட்கார்ந்தேன். உன் அப்பா ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான்.

முதலில் ஒரு மாதம் என்றுதான் நினைத்தேன். அவர் தவித்துப் போவார், அது தெரியட்டும் என்று இருந்தேன். அவரும் தவித்தார். சோற்றுத் தட்டை வைக்கும்போது முகத்தைப் பார்ப்பார். சந்தையிலிருந்து நான் கேட்காமலே மல்லிகைப்பூ வாங்கி வந்து விளக்குமாடத்தில் வைப்பார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் வந்தது தம்பி. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அடித்தால் போலீசு, திட்டினால் ஊர். பேசாமல் இருப்பவளை யார் என்ன கேட்க முடியும்? ஒரு மனுசனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அவன் இல்லாத மாதிரி நடத்தலாம், அதற்கு ஒரு சாட்சியும் இருக்காது. இந்த உலகத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே அதிகாரம் அது. விட மனசு வரவில்லை.

அதற்கு உன்னைத்தான் கருவியாகப் பிடித்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிக்குப் பக்கத்தில் பையைப் போடுவாய். நானும் அவரும் ஒரு முழம் இடைவெளியில் உட்கார்ந்திருப்போம். "அப்பாட்ட சொல்லு, அந்தப் பக்கம் ஒரு இழை அறுந்திருக்கு" என்பேன். நீ திரும்பி, "அப்பா, அந்தப் பக்கம் ஒரு இழை அறுந்திருக்காம்" என்பாய். "பாத்துட்டேன்னு சொல்லு" என்பார். "பாத்துட்டாராம்மா" என்பாய். உனக்கு அது ஒரு விளையாட்டு. எங்கள் இரண்டு பேரின் குரலிலும் பேசிக் காட்டுவாய். நான் சிரித்திருக்கிறேன், அவரும் சிரித்திருக்கிறார், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. நீ காலேஜுக்குப் போன பிறகு ஆளைக் குறிக்காமல் பேசக் கற்றுக்கொண்டோம். சோறு ஆகிருச்சு. நூலு வந்திருக்கு. மழை வார மாதிரி இருக்கு. யார் யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், காற்றில் சொல்லிவிட்டு விடுவது. தமிழில் அதற்கும் வசதி இருக்கிறது பார்.

தெருவில் எங்களுக்கு நல்ல பெயர். பாவுக்குக் கஞ்சி போட்டு இளவெயிலில் தெரு நீளத்துக்குக் கட்டிக் காய வைக்கும்போது, இந்த முனையில் அவரும் அந்த முனையில் நானும் ஒரு சொல் இல்லாமல் வேலை பார்ப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரம்மா, "புருசன் பொஞ்சாதின்னா இப்படில்ல இருக்கணும், சாடையிலயே எல்லாம் முடிஞ்சிருது" என்று தன் மருமகளுக்குச் சொல்லிக் காட்டும். உனக்குப் பெண் பார்த்தபோது செல்வியின் அப்பா நம் ஊர் பாளையம்பட்டிக்கு வந்து நாலு பேரிடம் விசாரித்தாராம். நாலு பேரும் ஒன்றையே சொன்னார்களாம்: "சண்டைச் சத்தமே கேக்காத வீடு, தைரியமாக் குடுங்க." அதை நம்பித்தான் அந்த மனுசன் பெண்ணைக் கொடுத்தார். நிச்சயத்தன்று அவர் என்னிடமே கையெடுத்துக் கும்பிட்டு இதைச் சொன்னபோது நான் சிரித்த முகமாகத் தலையாட்டினேன். நான் செய்த பாவங்களில் அந்தத் தலையாட்டலையும் சேர்த்துக்கொள்.

இன்னொன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், அதுவும் மாசிதான். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட அகலப் போர்வை தறியில் இருந்தது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். காலை வெயில் தறிக்குழி வரைக்கும் வந்திருந்தது. நான் நாடாவைத் தள்ளப் போன நேரம் அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். தறி நின்றது.

"இந்தா பாரு," என்றார். ஆறேழு வருடத்துக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்து. "அன்னைக்கு உன்னைய நான் அனுப்பியிருக்கணும். தப்புதான். மண்டபமாவது மண்ணாவது. அய்யா மொகத்த நீ பாக்கவிடாமப் பண்ணிட்டேன். ஏதாச்சும் சொல்லு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. இப்படி இருக்காத."

அந்த மனுசன் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்தது. என்ன சொல் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வந்தது, அவ்வளவுதான். ஆனால் உடனே மனசு ஒரு கணக்குப் போட்டது: இன்னொரு தடவை கேட்கட்டும். ஆறேழு வருசம் நான் தின்ற கசப்புக்கு ஒரு தடவை கேட்டால் போதுமா? நான் நாடாவைத் தள்ளிவிட்டேன். அவர் கை நீட்டியிருக்கவில்லை. நாடா அவர் மணிக்கட்டில் பட்டுக் குழிக்குள் விழுந்தது. குனிந்து எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணை ஊதினார். மிதியில் காலை வைத்தார். நாடா என் பக்கம் திரும்பி வந்தது.

இன்னொரு தடவை அவர் கேட்கவே இல்லை. நான் காத்திருந்தேன். ஒவ்வொரு தையும் ஒவ்வொரு மாசியும் காத்திருந்தேன். மண்டபம் மண்டபமாக நாங்கள் நெய்து அனுப்பினோம், எத்தனை கல்யாணத்துக்கு விரித்தார்களோ. நெசவில் ஒரு பிசகு கிடையாது. சேர்ந்து வேலை பார்க்க மனசு சேர்ந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கை சேர்ந்தால் போதும்.

உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்துவிட்டேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உன் அப்பா என்னைக் கட்டிப் போடவில்லை. கதவைப் பூட்டவில்லை. மாமாவின் சைக்கிள் கேரியர் காலியாகத்தான் இருந்தது. தெருமுனைக்குப் போனால் பஸ்ஸு. நான் எழுந்து புடவையை உதறிக்கொண்டு கிளம்பியிருந்தால் அவர் இரண்டு வார்த்தை முணுமுணுத்திருப்பார், அவ்வளவுதான். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் அந்தப் பாவை முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. அய்யா பிழைத்துக்கொள்வார் என்று எனக்கும் சவுகரியமாகத் தோன்றியது. பாதிக் குற்றம் என்னுடையது. அந்தப் பாதியைத் தூக்க முடியாமல் முழுதையும் அவர் தலையில் வைத்தேன். பேசினால் அது வெளியில் வந்துவிடும். அதனால்தான் பேசவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது நீதான் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாய். ஒரு மத்தியானம் அவருக்கு உதடு காய்ந்து கிடந்தது. நர்சு என்னிடம், "ஏதாச்சும் குடிக்கிறாரான்னு கேளுங்கம்மா" என்றது. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன், நீ அந்தப் பக்கம். நான் உன்னைப் பார்த்து, "அப்பாட்ட தண்ணி வேணுமான்னு கேளு" என்றேன். நீ குனிந்து, "அப்பா, தண்ணி வேணுமா?" என்றாய். "வேணாம்னு சொல்லு" என்றார். "வேணாமாம்மா" என்றாய். நர்சு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. உனக்கு அதில் எதுவுமே வித்தியாசமாகப் படவில்லை. நான் அன்றைக்குத்தான் நர்சின் கண்ணால் நம்மைப் பார்த்தேன். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். வேணாம்னு சொல்லு, அதுதான் அவர் எனக்குச் சொல்லியனுப்பிய கடைசிச் சொல்.

இப்போது உன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். செல்வி பொங்கல் கழிந்த மறுவாரம் ஒற்றைப் பையோடும் குழந்தை யாழினியோடும் வந்து இறங்கினாள். "ஏன் உங்க அப்பா வீட்டுக்குப் போகாம இங்க வந்தே?" என்று அவளைக் கேட்டேன். "அங்க போனா, 'அந்த வீட்டுல சத்தமே வராதேம்மா, நீதான் அனுசரிச்சுப் போகணும்'னு சொல்வாக அத்தே" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒற்றை ஆள் போர்வை ஒன்று தறியில் இருந்தது, நான் நெய்தேன். அவள் வீட்டு வேலை பார்த்தாள்.

நாலாம் நாள் உன் போன் வந்தது. யாழினிதான் எடுத்தாள். அடுப்படியில் செல்வி, கூடத்துத் தறியில் நான். குழந்தை போனைக் காதில் வைத்துக்கொண்டே, "அம்மா, அப்பாவோட பச்சைச் சட்டை எங்க இருக்குன்னு கேக்கச் சொல்றாரு" என்றது. "பீரோல மேல் தட்டுல இருக்குன்னு சொல்லு" என்றாள் செல்வி. "மேல் தட்டுலயாம்ப்பா" என்றது குழந்தை. குரலை அப்படியே அம்மா மாதிரி மாற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்தது. நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் செல்வியை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீ அவளோடு பேசுவதில்லையாம். "அடிக்கல அத்தே. வையல. வேலைக்குப் போகாதன்னுகூடச் சொல்லல. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். ஏன்னு ஒரு தடவை கேட்டும் பாத்துட்டேன். சோத்தப் போட்டா சாப்புடுறாரு. நான் நடந்து போனா நாக்காலி நகந்து போன மாதிரி பாக்காரு. எனக்குப் பைத்தியம் புடிச்சிருமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

எனக்கு மறைக்க மனசு வரவில்லை. உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவள் எழுந்து நின்றாள். "இவ்வளவும் தெரிஞ்சுதான் என்னைய எடுத்தீகளா? எங்கப்பா கும்புட்டப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க நெய்ஞ்சு வச்ச போர்வையத்தான நான் போத்திக்கிட்டிருக்கேன்" என்றாள். கையில் இருந்த டம்ளரைத் தரையில் போட்டாள். அன்று பொழுது சாயும் வரைக்கும் என்னைத் திட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துத் திட்டினாள். எதிர்வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. என் வயதுக்கு அப்படி ஒரு ஏச்சை நான் வாங்கியதில்லை. காலையில் எழுந்து, "காப்பி போடவா அத்தே" என்று வந்து நின்றாள். "கோவம் போயிருச்சா?" என்றேன். "போகல. ஆனா பேசாம இருக்க எனக்கு வராது" என்றாள்.

நீ சொல்லச் சொன்ன புத்தியை நான் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. அவளே ஒரு முடிவு எடுத்துவிட்டாள். இரண்டு நாளில் கோயம்புத்தூருக்கு வருகிறாள். உன் வீட்டுக்கு அல்ல. வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பேசியிருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நான் வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "வாங்க, ஆனா உங்க மகனுக்காக எங்கிட்ட ஒண்ணும் பேசக் கூடாது" என்றாள். ஒத்துக்கொண்டேன். யாழினியிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் யார் சொல்லச் சொன்னாலும், "நீங்களே சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும் என்று. நீ போன் செய்தால் அந்தப் பதில்தான் உன் காதில் விழும். குழந்தையைக் கோபித்துக்கொள்ளாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நீ செய்வது எல்லாம் நான் செய்து காட்டியது. அதற்காக உன்னை விட்டுவிடவும் மாட்டேன். எனக்காவது செத்துப்போன ஒரு மனுசன் காரணமாக இருந்தார். உனக்கு என்ன காரணம்? ஒரு பெண் காலையில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், அவ்வளவுதான். அவள் இரண்டாவது தடவை கேட்கட்டும் என்று நீயும் காத்திருக்கிறாயோ என்னவோ. அவள் கேட்க மாட்டாள். உன் அப்பாவும் கேட்கவில்லை.

வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வருவதாக இருந்தால் வா. கதவை நான் திறப்பேன், ஆனால் ஒதுங்கி நின்றுகொள்வேன். நீ என்னைப் பார்த்து, "அவகிட்ட சொல்லும்மா" என்று ஆரம்பித்தால் அப்படியே கதவைச் சாத்திவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்து நீயே பேசு. தப்பு என்று சொல்லத் தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் சண்டை போடு. வேலைக்குப் போனது பிடிக்கவில்லை என்று கத்து, அவளும் திருப்பிக் கத்தட்டும். அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்க்கட்டும். என் மகன் வீட்டில் சண்டை என்று நாலு பேர் சொல்லி, அதை என் காதால் கேட்டுவிட்டுத்தான் நான் சாக வேண்டும்.